சறுக்கு மரத்தின் கீழே என்ன இருக்கிறது?

ஓர் ஊரின் அங்கன்வாடிக்குப் புதிய சறுக்கு மரம் வருகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்கே வைப்பது?

"மழை வந்தால் சேறாகும். சிமெண்டுத் தளம் போட்டு, அதன் மேல் வையுங்கள்" என்கிறார் ஒருவர்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஆபத்து.

விழாமல் விளையாடிய குழந்தை உண்டா? விளையாட்டுத் திடலில் படும் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் வருபவை. கை முறிந்தால் கட்டுப் போடலாம். தலையில் அடிபட்டால்?

கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவரைப் பாருங்கள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பார். பந்து மெல்ல மெல்ல நிற்கும். கை வலிக்காது. கையை விறைப்பாக நீட்டினால் விரல் வீங்கிவிடும். தரையும் அப்படித்தான். ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழும் குழந்தை, மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். அது சைக்கிளின் வேகம். சிமெண்டு விட்டுக் கொடுக்காது. மணல் விலகிக் கொடுக்கும். மோதி நிற்கும் தூரம் ஐந்து மடங்கு கூடினால், அடியின் விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

"எங்கள் ஊரில் மண் தரைதானே!" என்பீர்கள். மிதிபட்டு இறுகிய மண்ணும் சிமெண்டு போலத்தான். புல்லும் போதாது. பிள்ளைகளின் கால் பட்டுச் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

மணல் போடுங்கள். கழுவிய, உருண்டை மணலாக இருக்கட்டும். களிமண் கலந்தால் இறுகிவிடும். 12 அங்குல ஆழம் கொட்ட வேண்டும். நாளடைவில் அது 9 அங்குலமாக அமுங்கும். அந்த 9 அங்குலம், 4 அடி உயரத்தில் இருந்து விழுவதைத்தான் தாங்கும். மரக்கிளைகளை வெட்டிய சிறு சில்லுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதே ஆழத்தில் 7 அடி வரை தாங்கும்.

சறுக்கு மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடிக்கு மணல் வேண்டும். கணக்குப் போடுவோம். சறுக்கு மரம் 8 அடி நீளம், 3 அடி அகலம். சுற்றிலும் 6 அடி சேர்த்தால் 20 அடிக்கு 15 அடி. அதாவது 300 சதுர அடி. ஓரடி ஆழத்துக்கு 300 கன அடி மணல்! பணம் இல்லையா? உயரம் குறைந்த சறுக்கு மரமாகக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

நகரத்துப் பூங்காக்களில் ரப்பர் தளம் போடுகிறார்கள். வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். "எத்தனை அடி உயரத்துக்குச் சோதித்தது?" என்று கேளுங்கள். மெல்லிய ரப்பரைச் சிமெண்டின் மேல் ஒட்டினால் பயன் குறைவு. உச்சி வெயிலில் அது வெறுங்காலைச் சுட்டுவிடும்.

மணலைக் கொட்டினால் வேலை முடிந்துவிடாது. பிள்ளைகள் சறுக்கி இறங்கும் இடத்தில் பள்ளம் விழும். தினமும் காலையில் கிளறிச் சமன் செய்ய வேண்டும். கண்ணாடித் துண்டு, நாய், பூனையின் கழிவு இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும்.

இத்தனை செய்தும் குழந்தை விழுந்து தலையில் அடிபடலாம். பிறகு வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.