ரிமூவ் ஏடிகே போராட்டம்

ரிமூவ் ஏடிகே போராட்டம் என்பது, கொல்கத்தாவின் மோகன் பாகன் கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர்கள் தங்கள் கழகப் பெயரின் முன்னால் சேர்க்கப்பட்ட 'ஏடிகே' என்ற மூன்றெழுத்தை நீக்கக் கோரி 2020 முதல் 2023 வரை நடத்திய எதிர்ப்பு இயக்கமாகும். 'ரிமூவ் ஏடிகே' என்பதற்கு 'ஏடிகேயை நீக்கு' என்று பொருள். கழகத்தின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காடு பங்குகளை வாங்கிய ஆர்பிஎஸ்ஜி குழுமத்தையும் அதன் தலைவர் சஞ்சீவ் கோயங்காவையும் நோக்கியே இக்கோரிக்கை எழுப்பப்பட்டது. 2023 இல் பெயர் மாற்றப்பட்டதோடு போராட்டம் முடிவுக்கு வந்தது. கழகத்தின் உரிமையில் மாற்றம் ஏற்படவில்லை.

கழகத்தின் பின்னணி

மோகன் பாகன் 1889 ஆகத்து 15 அன்று வடக்குக் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. 1911 சூலை 29 அன்று ஐஎஃப்ஏ கேடய இறுதிப் போட்டியில் பிரித்தானியப் படை அணியான கிழக்கு யார்க்சயர் ரெசிமெண்டை 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடினர். வங்கப் பிரிவினையால் கொந்தளித்திருந்த காலத்தில் கிடைத்த அந்த வெற்றி, விளையாட்டைத் தாண்டி விடுதலை உணர்வின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. அந்த நாள் இன்றும் 'மோகன் பாகன் நாள்' எனக் கொண்டாடப்படுகிறது. 1989 இல் இந்திய அஞ்சல் துறை இக்கழகத்துக்கு நூற்றாண்டு அஞ்சல்தலை வெளியிட்டது.

மோகன் பாகன் அடிப்படையில் உறுப்பினர்களின் கழகம். சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். தொழில்முறைக் கால்பந்துக்குப் பணம் தேவைப்பட்டபோது, கால்பந்துப் பிரிவு மட்டும் தனி நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1998 இல் விஜய் மல்லையாவின் யுபி குழுமம் அந்த நிறுவனத்தில் பாதிப் பங்கை எடுத்தது. அணி சில காலம் 'மெக்டோவல் மோகன் பாகன்' என அழைக்கப்பட்டது. உறுப்பினர்கள் வாக்களிக்கும் கழகம் ஒன்று, பங்குதாரர்கள் முடிவெடுக்கும் நிறுவனம் இன்னொன்று என்ற இந்தப் பிரிவுதான் பின்னர் நடந்தவற்றுக்கு அடிப்படை.

முதலீட்டாளர் தேவைப்பட்ட சூழல்

2014 இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியபோது பழைய கழகங்கள் அதில் இடம்பெறவில்லை. நகரங்களின் பெயரில் புதிய அணிகள் உரிமக் கட்டணம் செலுத்தி உருவாக்கப்பட்டன. சென்னைக்குச் சென்னையின் எஃப்சி, கொச்சிக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ், கொல்கத்தாவுக்கு அட்லெட்டிகோ டி கொல்கத்தா என அவை அமைந்தன. கொல்கத்தா அணியில் ஆர்பிஎஸ்ஜி குழுமமும் சவுரவ் கங்குலியும் ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் கழகமும் பங்குதாரர்கள். 2017 இல் மாட்ரிட் கழகம் விலகியதும் அணியின் பெயர் 'ஏடிகே' எனச் சுருங்கியது. ஏடிகே 2014, 2016, 2019-20 ஆகிய மூன்று பருவங்களில் கோப்பையை வென்றது.

2019 இல் ஐஎஸ்எல் நாட்டின் முதல்நிலைத் தொடராக ஏற்கப்பட்டது. மோகன் பாகன் ஆடிவந்த ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஐ-லீக்கை வென்றாலும் உடனே மேலே செல்ல அப்போது வழி இருக்கவில்லை. ஐஎஸ்எல்லில் நுழைய ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடக்கூடிய முதலீட்டாளர் வேண்டும். 2019-20 ஐ-லீக் பட்டத்தை நான்கு சுற்றுகள் மீதமிருக்கும்போதே மோகன் பாகன் வென்றது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அதன் எதிர்காலம் ஒப்பந்தத்தில் முடிவாகியிருந்தது.

இணைப்பும் புதிய பெயரும்

2020 சனவரி 16 அன்று ஆர்பிஎஸ்ஜி குழுமம் மோகன் பாகனின் கால்பந்து நிறுவனத்தில் 80 விழுக்காடு பங்குகளை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய 20 விழுக்காடு பழைய கழகத்திடம் இருந்தது. ஏடிகே அணி கலைக்கப்பட்டு, ஐஎஸ்எல்லில் அதன் இடத்தை இணைந்த அணி பெற்றது. 2020 சூலை 10 அன்று கூடிய இயக்குநர் குழு 'ஏடிகே மோகன் பாகன்' என்ற பெயரை முடிவு செய்தது. பச்சை-மெரூன் சீருடையும் பாய்மரப் படகுச் சின்னமும் தக்கவைக்கப்பட்டன. ஆனால் சின்னத்திலும் ஏடிகே என்ற எழுத்துகள் சேர்க்கப்பட்டன.

எதிர்ப்புக்கான காரணங்கள்

ஆதரவாளர்களில் பலர் முதலீட்டை எதிர்க்கவில்லை. ஐஎஸ்எல்லுக்குள் செல்ல அது தேவை என்பதை அவர்கள் ஏற்றிருந்தனர். அவர்களுடைய எதிர்ப்பு பெயரைப் பற்றியது. 'மெக்டோவல்' விளம்பரதாரரின் பெயர். ஒப்பந்தம் முடிந்தால் போய்விடும். 'ஏடிகே' அப்படியல்ல. அது அதே நகரத்தில் அதே ரசிகர்களைக் கவர உருவாக்கப்பட்ட இன்னொரு அணியின் பெயர். 131 ஆண்டு பழைய கழகத்தின் பெயருக்கு முன்னால் 6 ஆண்டு பழைய அணியின் பெயர் நிற்பது, மோகன் பாகன் ஏடிகேயின் தொடர்ச்சியாக மாற்றப்படுவதாகவே அவர்களுக்குத் தோன்றியது.

இன்னொரு காரணமும் இருந்தது. உறுப்பினர்களின் வாக்கு பழைய கழகத்தின் நிர்வாகிகளைத்தான் தேர்ந்தெடுக்கும். அணியின் பெயரை முடிவு செய்யும் நிறுவனத்தில் அந்தக் கழகத்துக்கு ஐந்தில் ஒரு பங்கே உண்டு. எனவே தேர்தல் வழியாகப் பெயரை மாற்ற முடியாது. பெருவாரியான ரசிகர்கள் உறுப்பினர்களும் அல்லர். அவர்களுக்கு அந்த வாக்கும் கிடையாது.

போராட்ட வடிவங்கள்

பெருந்தொற்றுக் காரணமாக 2020-21, 2021-22 பருவங்களின் ஐஎஸ்எல் ஆட்டங்கள் கோவாவில் நடைபெற்றன. கொல்கத்தா ரசிகர்கள் அரங்கில் கூடி எதிர்ப்புக் காட்ட வழியில்லை. அதனால் போராட்டம் முதலில் சமூக ஊடகங்களில் 'ரிமூவ் ஏடிகே' என்ற குறிச்சொல்லோடு பரவியது. அணியைப் பற்றிய அறிவிப்புகளுக்குக் கீழே அதே வாசகம் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டது. பின்னர் கொல்கத்தாவில் பதாகைகளுடன் கூட்டங்களும் ஊர்வலங்களும் நடந்தன. ஆட்டங்கள் சால்ட் லேக் அரங்குக்குத் திரும்பியபோது பார்வையாளர் பகுதிகளில் பதாகைகளும் முழக்கங்களும் தோன்றின. ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் அரங்குக்குச் செல்வதையே தவிர்த்தனர்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அணி நன்றாக ஆடியது. 2020-21 இறுதிப் போட்டி வரை சென்றது. தோல்விகளால் எழும் கோபம் வெற்றி வந்ததும் அடங்கிவிடும். பெயருக்கான கோபம் வெற்றிகளின் நடுவிலும் தொடர்ந்தது. அணி வெல்ல வேண்டும் என விரும்பியவர்களே அந்த அணியின் பெயரைச் சொல்ல மறுத்தனர்.

பெயர் மாற்றம்

2023 மார்ச் 18 அன்று கோவாவின் ஃபத்தோர்டா அரங்கில் நடந்த ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில் ஏடிகே மோகன் பாகனும் பெங்களூரு எஃப்சியும் 2-2 எனச் சமநிலையில் முடித்தன. பெனால்டி உதைகளில் மோகன் பாகன் 4-3 என வென்றது. வெற்றிக்குப் பின் கோயங்காவே, அடுத்த பருவம் முதல் அணியின் பெயரில் ஏடிகே இருக்காது என அறிவித்தார். 2023 சூன் 1 முதல் அணி 'மோகன் பாகன் சூப்பர் ஜெயன்ட்' என அழைக்கப்படுகிறது.

'சூப்பர் ஜெயன்ட்' என்பதும் உரிமையாளரின் வணிக அடையாளமே. ஐபிஎல்லில் முன்பு ஆடிய ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட், இப்போது ஆடும் லக்னோ சூப்பர் ஜெயன்ட்ஸ் ஆகியவை அதே குழுமத்தின் அணிகள். ஆனால் கழகத்தின் பெயர் முன்னால் வந்தது; போட்டி அணியின் பெயர் நீங்கியது. ஆதரவாளர்கள் பலர் இதை வெற்றியாக ஏற்றனர். 2024-25 பருவத்தில் அணி லீக் கேடயத்தையும் கோப்பையையும் சேர்த்து வென்றது.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

* ஈஸ்ட் பெங்கால்: மோகன் பாகனின் நூற்றாண்டு எதிராளியான இக்கழகத்தில் 2020 இல் ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் முதலீடு செய்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கழக நிர்வாகிகள் மறுத்தனர். 2021 சூலை 21 அன்று கழக வாயிலில் ஆதரவாளர்கள் திரண்டனர். இரு தரப்பினர் மோதிக்கொள்ள, காவல்துறை தடியடி நடத்தியது. இங்கே ஒரு பகுதியினரின் கோபம் முதலீட்டாளர் மீதல்ல, கழக நிர்வாகிகள் மீதே திரும்பியது.
* கேரளா பிளாஸ்டர்ஸ்: 2024 திசம்பரில் 'மஞ்ஞப்படை' ஆதரவாளர் அமைப்பு, தொடர் தோல்விகளுக்கு நிர்வாகமே பொறுப்பு எனக் கூறி நுழைவுச்சீட்டு வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது.
* கார்டிஃப் சிட்டி: வேல்சு நாட்டுக் கழகமான இதன் மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் 2012 இல் நீலச் சீருடையைச் சிவப்பாக மாற்றினார். எதிர்ப்புக்குப் பின் 2015 சனவரியில் நீலம் திரும்பியது. டான் உரிமையாளராகத் தொடர்ந்தார்.
* பிளாக்பர்ன் ரோவர்ஸ்: புனேயின் கோழிப்பண்ணைக் குழுமமான வெங்கீஸ் 2010 இல் இந்த இங்கிலாந்துக் கழகத்தை வாங்கியது. 2012 இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய ஆட்டத்தில், கழகக் கொடி போர்த்திய கோழி ஒன்று மைதானத்தில் விடப்பட்டது. எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தும் உரிமை மாறவில்லை.

விளைவும் வரம்பும்

இந்நிகழ்வுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெயர், நிறம், சின்னம் போன்றவற்றைத் திரும்பப் பெறுவதில் ரசிகர்கள் வெல்ல முடிகிறது. அவற்றை விட்டுக்கொடுப்பதால் உரிமையாளருக்குப் பெரிய இழப்பில்லை. ரசிகர்கள் திரும்பினால் லாபமும் உண்டு. உரிமையாளரையே வெளியேற்றுவது வேறு. பங்குகளை விற்கும் முடிவு அவர் கையில் இருக்கிறது; ஆண்டுதோறும் நட்டத்தை ஈடுசெய்வதும் பெரும்பாலும் அவரே. அவர் விலகினால் அடுத்து யார் என்ற கேள்விக்குப் பதில் தேவைப்படுகிறது.

செருமனியில் 1998 முதல் நடைமுறையில் உள்ள '50+1' விதி இதைச் சட்டகத்திலேயே தீர்க்க முயல்கிறது. சில விலக்குகள் தவிர, வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் கழகத்திடமே இருக்க வேண்டும் என்பது அவ்விதி. மோகன் பாகனில் அந்த விகிதம் 20 விழுக்காடு. மூன்றெழுத்தை நீக்க மூன்று ஆண்டுகள் போராட வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம்.