மெருகுக்கு அடியில் இருக்கும் மரம்

பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூர், வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் தேர்ச் சிற்பங்களையும் செதுக்கும் கைவினைஞர்களால் பெயர்பெற்ற ஊர். 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர் மரச்சிற்பங்களைப் படம்பிடிக்க முனையும் புதியவர் முதலில் சந்திக்கும் தடை, எண்ணெயோ வார்னிஷோ ஏறிய மரத்தின்மேல் சன்னல் வெளிச்சம் வெண்திட்டாகப் படிந்து, உளி உண்டாக்கிய ஆடை மடிப்பையும் மரத்தின் இயற்கை ரேகையையும் மறைத்துவிடுவதாகும். தொடக்கநிலைக் கேமராவுக்கு எந்த வடிகட்டியை வாங்குவது என்ற கேள்விக்கு விடையும் இத்தடையிலிருந்தே கிடைக்கிறது.

கடைகளில் ‘ஃபில்டர்’ என்று கேட்டால் கிடைக்கும் கண்ணாடிகளுள் பெரும்பாலானவை ஃபிலிம் காலத்தின் எச்சங்கள். நிறத்தைத் திருத்தும் வண்ணக் கண்ணாடிகளின் வேலையைக் கேமராவின் வெண்மைச் சமன் அமைப்பே செய்துவிடுகிறது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் ‘யூவி’ கண்ணாடியின் பணியைப் பெரும்பாலும் உணரியின் முன்னுள்ள தகடே கவனித்துக்கொள்வதால், அது லென்சின் முகத்தைக் கீறலிலிருந்து காக்கும் கவசமாக மட்டுமே எஞ்சுகிறது. மலிவான கவசமோ, இரவில் விளக்குகளைப் படம்பிடிக்கையில் அவற்றின் போலி உருவங்களைப் படத்துக்குள் கொண்டுவருகிறது. ‘என்டி’ எனப்படும் ஒளிகுறைப்பிக்கு மட்டும் தனிப் பயனுண்டு: எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும் ‘என்டி8’ கண்ணாடியைப் பொருத்தினால், 1/60 வினாடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு ஏறத்தாழ 1/8 வினாடி தேவைப்படும் என்பதால், மழைக்காலத்துப் பச்சைமலை அருவிகளின் நீர் பட்டிழையாகப் பதியும்.

எனினும் கணினியால் ஈடுசெய்ய இயலாத வடிகட்டி, கடைக்காரர்கள் ‘சிபிஎல்’ என்றும் ‘போலரைசர்’ என்றும் அழைக்கும் தளவிளைவாக்கியே. சாதாரண ஒளியின் அதிர்வு, அது செல்லும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் நிகழ்கிறது. வார்னிஷ், நீர், கண்ணாடி போன்றவற்றில் சாய்வாக மோதித் திரும்பும் ஒளியிலோ ஒரு தளத்தின் அதிர்வு ஓங்கி நிற்கிறது. இதுவே தளவிளைவு. 1808ஆம் ஆண்டு பாரிசில் மாலுஸ் என்ற அறிஞர், அரண்மனைச் சன்னலில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே நோக்கியபோது, படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். நேர்க்கம்பிச் சன்னல் வழியே கம்பை நெடுக்காக நீட்டலாம், குறுக்காக நீட்ட முடியாது என்பதைப் போல, தளவிளைவாக்கி ஒரு தளத்து அதிர்வை விட்டு மற்றதைத் தடுக்கிறது. அதன் முன்வளையத்தைத் திருப்பினால் ஒரு நிலையில் வெண்திட்டு கரைந்து, அடியிலிருக்கும் மரத்தின் நிறம் எழுந்து வருகிறது.

இதிலுள்ள விந்தை, மரத்தின் அருகே பித்தளையை வைத்தால்தான் விளங்கும். உலோகம், சாய்வாக விழும் ஒளியின் எல்லா அதிர்வுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்புவதால், அதன் பளபளப்பில் தளவிளைவு மிகச் சிறிதே. ஆகவே பித்தளைத் தகடு போர்த்திய மர வாகனத்தின்முன் வளையத்தைத் திருப்பும்போது, மரத்தின் மினுக்கம் அடங்க, தகட்டின் மினுக்கம் அப்படியே நிற்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பளபளப்புகளும் வேறு வேறு பிறப்புடையவை என்பதை விரலளவு வளையம் காட்டிவிடுகிறது.

இக்கருவி எல்லா இடத்துக்கும் உரியதன்று. வார்னிஷ் பரப்பைச் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 பாகை சாய்ந்து நோக்கும்போதே இதன் வலிமை உச்சம் பெறும். நேர் எதிரே நின்றால் பயனில்லை. வளைந்த சிற்பத்தில் சில திட்டுகள் மறையும், சில எஞ்சும். ஒளியில் பாதிக்கு மேல் இழக்கப்படுவதால் முக்காலி வேண்டும். அதே காரணத்தால் கரைவெட்டி ஏரியில் பறக்கும் பறவைகளைப் படம்பிடிக்கையில் இதைக் கழற்றிவிடுதல் நன்று.

வாங்குமுன் லென்சின் விளிம்பில் வட்டத்தின் குறுக்கே கோடிட்ட குறியை அடுத்துள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். அது 52, 55, 58 என மில்லிமீட்டரில் அமைந்த திருகு விட்டம். வேறு லென்சும் இருப்பின், பெரிய விட்டத்துக்கு ஒரு வடிகட்டியை வாங்கி, சிறியதற்கு இணைப்பு வளையம் பொருத்துவது சிக்கனம். கடையிலேயே சோதிப்பதும் எளிது: வடிகட்டியின் முன்பக்கத்தைக் கால்குலேட்டரின் எண்திரையை நோக்கிப் பிடித்து, அதன் வழியே பார்த்துக்கொண்டு திருப்பினால், ஒரு நிலையில் திரை கறுத்துப்போக வேண்டும், கறுக்காதது வெறும் கண்ணாடி.

மூன்று நான்கு கண்ணாடிகள் அடங்கிய மலிவுத் தொகுப்பை வாங்கிப் பையில் பூஞ்சை படிய விட்டுவிட்டு, சிற்பத்தின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்து, பின்னர் கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்று நம்புவது இன்று பரவலான வழக்கம். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் மரத்தைப் பற்றிய செய்தியே பதிவாகாதபோது, எந்த மென்பொருளும் ஊகத்தையே நிரப்ப முடியும். தொலைவில் இருப்பவர் படத்தை மட்டுமே பார்த்துச் சிற்பத்தை மதிப்பிடும் காலத்தில், அந்த வெண்திட்டு செதுக்கியவரின் உழைப்பையே மறைக்கிறது. ஆதலின் புதியவர் வாங்குவது ஒன்றே ஒன்றாயினும் அது நல்ல தளவிளைவாக்கியாக இருக்கட்டும். ஷட்டரை அழுத்துமுன் அதன் வளையத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்க்கட்டும்.