கிட் சோதனை நிரல்களில் மேற்கோள் குறிகள்

கிட் என்பது மென்பொருள் நிரல்களில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிவு செய்து காக்கும் கருவி. லினஸ் டோர்வால்ட்சு 2005இல் இதைத் தொடங்கினார். இதன் சோதனைகள் பெரும்பாலும் ஷெல் நிரல்களாக எழுதப்பட்டுள்ளன.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தலைப்பும் ஓர் உடற்பகுதியும் உண்டு. உடற்பகுதி முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவது மரபு. ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை ஷெல் எழுதியபடியே விட்டுவிடும். இரட்டை மேற்கோளுக்குள் $ குறியுடன் வரும் மாறிக்குப் பதிலாக அதன் மதிப்பை உடனே இட்டுவிடும். ஆகவே உடற்பகுதியை இரட்டை மேற்கோளில் எழுதினால், சோதனை ஓடும் முன்பே மாறிகள் விரிந்துவிடும். சோதனைக்குள் மதிப்புப் பெறவேண்டிய மாறி அப்போது வெறுமையாகவே இருக்கும்.

உடற்பகுதிக்குள் வரும் மாறிகளையோ இரட்டை மேற்கோளில் இடுவதே பாதுகாப்பு. இல்லாவிட்டால் மதிப்பில் இடைவெளி உள்ள இடத்தில் ஷெல் அதை இரண்டாக உடைக்கும். ஒரு கோப்புறையை அழிக்கச் சொன்னால், அழிக்கும் கட்டளைக்கு வேறு இரண்டு பெயர்கள் போய்ச் சேரும். இப்பிழையைப் பிடிக்கவே, சோதனைகள் ஓடும் தற்காலிகக் கோப்புறைக்கு ‘டிராஷ் டைரக்டரி’ என வேண்டுமென்றே இடைவெளியுடன் பெயரிட்டுள்ளனர். எளிய உபாயம்தான், பலன் பெரிது.

கட்டளைகளை && குறியால் கோப்பதும் கட்டாயம். ஓரிடத்தில் அது விடுபட்டால், அதற்கு முன் தோற்ற கட்டளை மறைந்து, கடைசிக் கட்டளையின் வெற்றியே சோதனையின் வெற்றியாகிவிடும்.

உடற்பகுதிக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் தேவைப்பட்டால், '\'' என்று எழுதுவர்: மூடி, பின்சாய்கோட்டுடன் ஒரு மேற்கோள் இட்டு, மீண்டும் திறப்பது. கண்ணை உறுத்தும் வழக்கம் இது. உள்ளே எழுதும் ஆங்கிலக் குறிப்புரையில் ‘டோன்ட்’ போன்ற சொல்லின் மேற்குறி வந்தால்கூட உடற்பகுதி அங்கேயே மூடிக்கொள்ளும்.