பொம்மை டாங்கி சொன்ன பட்டறைப் பாடம்

"இந்த வயசுல பொம்மையாடா?" என்று கேட்டான் என் ரூம்மேட். மேசை மேல் இருந்தது 1/35 அளவில் சோவியத் டி-34/85 டாங்கி. சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த தாமியா கிட். பொம்மைதான் நண்பர்களே! ஆனால் பட்டறையில் எனக்குப் பிடிபடாத ஒன்றை அதுதான் புரிய வைத்தது.

முதலில் கணக்கு. அசல் டாங்கி பீரங்கிக் குழலோடு சுமார் 8.15 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 23 செ.மீ. எடை 32 டன். அதையும் 35-ஆல் ஒரே முறை வகுத்துவிடாதீர்கள்! நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகிறதல்லவா? மூன்று முறை வகுக்க வேண்டும். முழுக்க எஃகில் செய்தாலும் முக்கால் கிலோதான்!

பாகங்கள் ஸ்ப்ரூவோடு வரும். நம்ம மோல்டிங் ஷாப் வார்த்தையேதான். சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவணும். மாடல் சிமென்ட் வெறும் பசையல்ல. பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு முகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஒரு துளி போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அடுத்து டிராக். டி-34-க்கு மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. ஆகவே மேல் டிராக் பெரிய சக்கரங்கள் மேலேயே தொய்ந்து கிடக்கும். விறைப்பாக நின்றால் அது கடைப் பொம்மை! நான் நூலால் கட்டி, சூப்பர் க்ளூ வைத்து அமுக்கினேன்.

உடற்பகுதியில் வெல்டிங் தழும்பு வேண்டும். 1941-ல் கீவிலிருந்து நீஷ்னி தகீலுக்கு இடம்பெயர்ந்த பாட்டன் வெல்டிங் ஆய்வுக்கூடம்தான் டாங்கிக் கவசத்துக்கு சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங்கைக் கொண்டுவந்தது. ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்து, இணைப்பில் ஒட்டி, இளகியதும் கத்தி முனையால் வரி வரியாக அழுத்தினால் தழும்பு ரெடி.

இனிதான் என் அசட்டுத்தனம். டரட்டைச் சுற்றி ஒரு மேடான கோடு இருந்தது. 'மோல்டு குறை' என்று உப்புத்தாளால் தேய்த்து வழுவழுவென்று ஆக்கிவிட்டேன். பிறகு அசலின் போட்டோவைப் பார்த்தால்... அதே கோடு! டரட் வார்ப்பு எஃகு. வார்ப்புக் கோட்டைத் தேய்த்து அழகுபார்க்கப் போர்க்காலத்தில் யாருக்கு நேரம்? டாங்கி ஓடணும், சுடணும், அவ்வளவுதான். பார்ட்டிங் லைன் என்று நோட்டில் நானே எழுதியதுதான். கையில் வந்தபோது தெரியவில்லை!

மறுபடி ஸ்ப்ரூ நூல் ஒட்டி அந்தக் கோட்டை உண்டாக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. சிமென்ட் தடவி, பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி வார்ப்பின் சொரசொரப்பையும் கொண்டுவந்தேன். பச்சை பெயின்ட் காய்ந்ததும் நீர்த்த கரும்பழுப்பைப் பள்ளங்களில் ஓட விட்டேன்.

கடைசியாக மூடியைத் திறந்து வைத்தபோது ரூம்மேட் எட்டிப் பார்த்தான். "இதுக்குள்ள எத்தனை பேர்டா?" "அஞ்சு பேர்." அப்புறம் அவன் பொம்மை என்று சொல்லவில்லை.

நண்பர்களே, எது குறை, எது வேலையின் அடையாளம் என்று தெரியாமல் அரத்தை எடுக்காதீர்கள்!