கணக்குத் தாளில் காணாமல் போன 15,841 பேர்

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி இங்கிலாந்து மக்களுக்கு ஒரு விசித்திரமான செய்தி கிடைத்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கொரோனா கண்டவர்களில் 15,841 பேர் அரசாங்கக் கணக்கில் சேராமல் விடுபட்டுவிட்டார்கள் என்பதே அது. சோதனைச் சாலைகள் தவறு செய்யவில்லை. நோயாளிகளுக்கும் முடிவு முறையாகவே போய்ச் சேர்ந்தது. இடையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கணக்குத் தாள்தான் அவர்களை விழுங்கியிருந்தது.

நடந்தது இதுதான். சோதனைச் சாலைகள் முடிவுகளை, காற்புள்ளியிட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகளாக அனுப்பின. அன்றிருந்த பொதுச் சுகாதார இலாகா, தானாக இயங்கும் ஒரு புரோகிராம் மூலம் அவற்றை எக்ஸெல் தாளின் கட்டங்களில் நிரப்பியது. அந்தத் தாள் பழைய அமைப்பைச் சேர்ந்தது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. ஒரு நோயாளியின் விவரத்துக்கே பல வரிகள் வேண்டியிருந்ததால், ஒரு தாளில் சுமார் 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது. மிஞ்சியவர்கள் சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டார்கள். 2007-ல் வந்த எக்ஸெல்லிலேயே 10,48,576 வரிகள் உண்டு. பதின்மூன்று ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வசதி அது!

பெயர் விடுபட்டதால், அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாட்கள் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தால் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று ஃபெட்சர், கிரேபர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதே ஆண்டு நவம்பரில் கணக்கிட்டார்கள். இது மதிப்பீடுதான். ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

கையால் எழுதுகிற குமாஸ்தா தாள் தீர்ந்துபோனால் நிமிர்ந்து பார்ப்பார். புரோகிராம், பார்க்கும்படி சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே பார்க்கும்.

இடம் போதாமை ஒரு தொல்லை என்றால், கட்டத்தின் அதிகப் பிரசங்கித்தனம் மற்றொன்று. எக்ஸெல்லின் கட்டம் தன்னுள் வருவது என்னவென்று தானே ஊகித்துக்கொள்கிறது. பெங்களூரின் 080, மும்பையின் 022 என்று தொடங்கும் டெலிபோன் நம்பர்களை வி.பி.ஏ. மொழியில் எழுதிய புரோகிராம் மூலம் கட்டத்தில் போட்டால், அவற்றை வெறும் எண்ணாகக் கருதி முன்னாலுள்ள பூஜ்யத்தை அது தள்ளிவிடும். பாங்கு அட்டையின் 16 இலக்க நம்பரில் 15 இலக்கங்கள்தான் தேறும்; கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கட்டத்தை முன்கூட்டியே 'எழுத்து' என்று குறித்துவிட்டுப் பிறகு நிரப்பினால் இந்த வம்பு இல்லை. பிறகு குறித்துப் பயனில்லை. போன பூஜ்யம் திரும்பி வராது.

விஞ்ஞானிகளும் இதில் மாட்டிக்கொண்டார்கள். 'செப்ட் 1' என்ற மனித ஜீனின் சுருக்கப் பெயரை எக்ஸெல் செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றி எழுதியது. எக்ஸெல்லில் ஜீன் பட்டியல் இணைத்து வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்படிப் பிழைகள் இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கூறியது. 2020-ல் ஜீன்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு பணிந்துபோய், அதை 'செப்டின் 1' என்று மாற்றியது. மென்பொருளுக்காக மனித ஜீனின் பெயர் மாறியது வேடிக்கைதான். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-ல்தான் கொடுத்தது.

பைத்தான் மொழியில் ஓப்பன்பைஎக்ஸெல் என்ற கருவியைக் கையாள்வோருக்கு வேறொரு கண்ணி உண்டு. சூத்திரங்கள் நிறைந்த தாளை 'விடைகள் மட்டும்' என்று கேட்டுத் திறந்து, புதிய விவரங்களை எழுதி, அதே பெயரில் சேமித்தால் சூத்திரங்கள் அத்தனையும் அழிந்து வெறும் எண்களே மிஞ்சும். தாள் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். அடுத்த மாதம் ஒரு தொகையைத் திருத்தும்போதுதான் மொத்தம் மாறாமல் நிற்பது தெரியவரும்.

அனுபவமுள்ளவர்கள் மூலத் தாளைத் தொடாமல் ஒரு நகலில்தான் எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் புரோகிராமைக் கொண்டே தாளைத் திரும்பப் படித்து, அனுப்பிய வரிகள் எத்தனை, சேர்ந்தவை எத்தனை என்று எண்ணி ஒப்பிடுகிறார்கள்; வித்தியாசம் இருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். இங்கிலாந்தில் உடனடியாகச் செய்த பரிகாரம் இன்னும் எளியது. விவரங்களைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, அதிக எண்ணிக்கையான தாள்களில் நிரப்பினார்கள்.