விலை கேட்க நாணுவதேன்?

முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய மாதத்தில் என் தாய் தந்தையரையும் தங்கையையும் நகரத்திலுள்ள ஓர் உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றேன். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒருவர் நின்றார். உள்ளே குளிர்ந்த காற்று வீசியது. பரிமாறுபவர் மேசையருகே வந்தார். அவர் விலைப்பட்டியலைத் தரவில்லை. பத்துப் பன்னிரண்டு பண்டங்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கினார். "எனக்கு இரண்டு இட்டிலி போதும்" என்றார் என் தந்தையார். பரிமாறுபவர் அவரை விடுத்து என் முகத்தை நோக்கினார். "சாம்பார் இட்டிலியாகக் கொண்டு வரட்டுமா, சார்? நெய் விட்டது, நன்றாக இருக்கும்" என்றார். நான் தலையசைத்தேன். அதன்பின் அவர் கேட்டவற்றுக்கெல்லாம் தலையசைத்தேன். "என்ன விலை?" என்று ஒருமுறையேனும் கேட்க எனக்கு நா எழவில்லை. பெற்றோர் முன்னிலையில் விலை கேட்பது சிறுமை என்று எண்ணினேன். இறுதியில் கணக்குச் சீட்டு வந்தது. நான் மனத்தில் வைத்திருந்த தொகையைப்போல் அஃது இருமடங்காக இருந்தது. தங்கைக்கு அம்மாதம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த ஆங்கில அகராதி அடுத்த மாதத்திற்குத் தள்ளிப் போயிற்று.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. கணக்குச் சீட்டில் பொய்யாக எழுதப்பட்டது ஒன்றுமில்லை. மேசைக்கு வந்த ஒவ்வொரு பண்டமும் நான் தலையசைத்து வரவழைத்ததே. அங்ஙனமாயின், வேண்டாத செலவு எவ்வாறு நேர்ந்தது? இதனை நெடுநாள் சிந்தித்திருக்கிறேன். உணவு விடுதி விற்பது உணவை. ஆயினும் அது கணக்கில் எடுத்துக்கொள்வது நம் பசியை மட்டும் அன்று. நம் நாணத்தையும் அது நன்கறியும்.

பரிமாறுபவர் பண்டங்களை வாயால் ஒப்புவிக்கும் வழக்கத்தையே முதலில் நோக்குவோம். கேட்பதற்கு அது விருந்தோம்பல் போலவே இருக்கிறது. ஆனால் அவர் வாயிலிருந்து வருவன பெயர்களே, விலைகள் வருவதில்லை. பத்துப் பெயர்களை ஒருங்கே கேட்டவர் நினைவில் முதலில் சொன்னதும் இறுதியில் சொன்னதுமே பெரும்பாலும் தங்கும். அவ்விரண்டும் விலை குறைந்தவையாக இருக்கக் கண்டதில்லை. இனி, அவர் வினவும் முறையைப் பாருங்கள். தோசை வேண்டும் என்றால், "நெய் ரோஸ்டா, மசாலா ரோஸ்டா?" என்பார். எளிய தோசை அவ்வினாவுக்குள் இல்லவே இல்லை. "மினரல் வாட்டரா, சாதாத் தண்ணீரா?" என்பார். இங்கே எளியதும் இருக்கிறது; ஆனால் அதன் பெயர் சாதா. பக்கத்து மேசையில் நான்கு பேர் இருக்க, "சாதா" என்று உரக்கச் சொல்வதற்கு ஒரு சிறு துணிவு வேண்டியிருக்கிறது. அத்துணிவு இல்லாதவர் புட்டித் தண்ணீருக்குப் பணம் தருகிறார்.

அந்தப் புட்டியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அதன்மேல் அதிகபட்ச விலை அச்சிடப்பட்டிருக்கும். கடையில் அதற்குமேல் வாங்கக் கூடாது. ஆனால் விடுதியில் அமர்ந்து உண்பவருக்குத் தரும்போது அவ்விலைக்குமேல் வாங்குவது எடையளவுச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. விடுதி தண்ணீரை மட்டும் விற்கவில்லை. இடத்தையும் பணியையும் சேர்த்தே அளிக்கிறது என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆதலின் புட்டியிலுள்ள விலையை நம்பி இருப்பவர் விடுதியின் விலைப்பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஓட்டல்களில் பொதுக்கூடம், குளிரூட்டிய கூடம் என இரண்டு இருப்பதும் இத்தகையதே. ஒரே கல்லில் வார்த்த தோசைக்குக் கூடத்திற்கு ஏற்ப விலை மாறும்.

விலைப்பட்டியல் கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா? அதுவும் சிந்தித்து அமைக்கப்பட்டதே. உயர்ந்த விடுதிகள் சிலவற்றின் பட்டியலில் பண்டத்தின் எதிரே 280 என்று எண் மட்டும் இருக்கும். ரூபாய்க் குறி இராது. அழகுக்காக விட்டார்கள் என்று எண்ணலாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஓர் உணவகத்தில் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். எண் மட்டும் அச்சிட்ட பட்டியலைப் பெற்றவர்கள், டாலர்க் குறியோ டாலர் என்ற சொல்லோ உள்ள பட்டியலைப் பெற்றவர்களைவிட மிகுதியாகச் செலவிட்டிருந்தனர். பணம் என்ற நினைவு எழாத இடத்தில் கை தாராளமாக நீளுகிறது.

இதனினும் நுட்பமானது நடுவில் நிற்கும் பண்டத்தின் செய்தி. ஒரு விடுதியில் சாப்பாடு மூன்று வகையாக இருக்கிறது என்று கொள்வோம்: 120 ரூபாய், 180 ரூபாய், 320 ரூபாய். மலிவானதைக் கேட்டால் கஞ்சன் என்பார்கள். மிக உயர்ந்ததைக் கேட்டால் ஊதாரி என்பார்கள். ஆகவே பலர் 180 ரூபாய்ச் சாப்பாட்டைக் கேட்டு, தாம் அளவறிந்து நடந்ததாக மகிழ்வர். இடாமார் சைமன்சன், ஆமோஸ் டிவெர்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் இம்மனப்போக்கை ஆராய்ந்து 1992-இல் எழுதினர். அவர்கள் எடுத்துக்கொண்டது உணவன்று, புகைப்படக் கருவி. ஏறத்தாழ 170 டாலர், 240 டாலர் விலையுள்ள இரு கருவிகளை மட்டும் காட்டியபோது, ஒவ்வொன்றையும் பாதிப்பேர் விரும்பினர். 470 டாலர்க் கருவி ஒன்றையும் உடன் வைத்தபோது, நூற்றுக்கு 57 பேர் நடுவிலுள்ள 240 டாலர்க் கருவியை நாடினர். மலிவானதை விரும்பியோர் நூற்றுக்கு 22 பேராகக் குறைந்தனர். நம் 320 ரூபாய்ச் சாப்பாடு அதிகம் விற்காமலே தன் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. அது பட்டியலில் நின்றாலே போதும்.

இசையாலும் செலவு மாறும். மெல்லிசை ஒலித்தபோது உண்போர் 56 நிமிடமும், விரைந்த இசை ஒலித்தபோது 45 நிமிடமும் மேசையில் இருந்ததாகவும், நெடுநேரம் இருந்தோர் பானங்களுக்கு மிகுதியாகச் செலவிட்டதாகவும் அமெரிக்க ஆய்வு ஒன்று 1986-இல் தெரிவித்தது. நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலைகளுக்கு இது பொருந்துமோ, ஐயமே. காலை எட்டு மணிக்கு நாம் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நிற்கிறார். அங்கே நம்மை மிகுதியாகச் செலவிடச் செய்வது அவசரந்தான்; பட்டியலைப் படிக்கவும் பொழுதில்லை.

தோழர்களுடன் உண்ணும்போது நேர்வதே மாணவர்களாகிய நீங்கள் கூர்ந்து அறியத்தக்கது. இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. ஆறு ஆறு பேராக அவர்கள் உணவகத்தில் அமர்ந்தனர். அவரவர் உண்டதற்கு அவரவரே கொடுக்க வேண்டும் என்றபோது ஒருவர் ஏறத்தாழ 37 ஷெக்கல் அளவுக்கு உணவு வரவழைத்தார். மொத்தத் தொகையை ஆறாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்றபோது அது 51 ஆயிற்று. முழுதும் இலவசம் என்றபோது 82 ஆயிற்று. பசி மூன்று மேசைகளிலும் ஒன்றே. மாறியது கொடுப்பவர் யார் என்பதே. நான் ஒன்று கூடுதலாக உண்டால் அதன் விலையில் ஆறில் ஒரு பங்குதானே என்னைச் சேரும் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர்; ஆறு பேரும் அவ்வாறு எண்ணுவதால் ஆறு பேருக்கும் செலவு ஏறுகிறது. இதில் மிகுந்த துன்பம் அடைபவன் கையில் பணம் குறைந்தவன். அவன் ஒரு வடையும் தேநீரும் உண்டுவிட்டு, பிறர் உண்ட பரோட்டாவுக்கும் பழச்சாற்றுக்கும் பங்கு கொடுக்கிறான். வாய் திறந்து சொல்லவும் கூசுகிறான். முன்னரே, "அவரவர் கணக்கு அவரவருக்கு" என்று குழுவில் வசதி மிகுந்தவன் சொல்லிவிடுவானாயின், அத்தோழன் நாணமின்றி உண்பான். கல்லாவின் முன் நின்று, "நான் கொடுக்கிறேன்", "நீ கொடுக்காதே" என்று கைகளைப் பிடித்து மல்லுக்கட்டும் நம் வழக்கம் அன்பின்பாற்பட்டதுதான்; எனினும் அடுத்த முறை யார் கொடுப்பது என்ற கடனை அஃது ஒவ்வொருவர் நெஞ்சிலும் எழுதிவிடுகிறது.

இவற்றையெல்லாம் கேட்டு விடுதி நடத்துவோரைப் பழித்தல் முறையாகாது. வாடகை, எரிவாயு, காய்கறி, பணியாளர் ஊதியம் என அவர்களுக்கும் நாள்தோறும் செலவு உண்டு. தம் பண்டத்தை எடுத்துக் காட்டி விற்பது வணிகத் திறமே. ஆனால் கேளாமலே கணக்கில் சேர்ப்பது வேறு. சில விடுதிகள் உணவின் விலைக்குமேல் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைத் தாமாகவே எழுதிவிடுவதுண்டு. அவ்வாறு தாமாகச் சேர்த்தல் கூடாது, கொடுப்பதும் விடுப்பதும் உண்பவர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் நாள் விதி வகுத்தது. விடுதியாளர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2025 மார்ச் 28-ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றது. ஆதலின் சீட்டில் அக்கட்டணம் காணப்படின், நீக்குமாறு அமைதியாகக் கேட்கலாம். நீக்க மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். சேவைக் கட்டணத்தையும் சரக்கு சேவை வரியையும் ஒன்றெனக் கருதிவிடாதீர்கள். வரி அரசுக்குச் செல்வது. பெரும்பாலான விடுதிகளில் அது நூற்றுக்கு 5. மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை எனச் சீட்டில் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

செலவைக் காக்க நான் கைக்கொண்ட வழி மிக எளியது. வீட்டை விட்டுப் புறப்படும்போதே இன்றைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் குறித்துக்கொள்கிறேன். உடன் வருவோரிடமும் அதனைச் சொல்லிவிடுகிறேன். பசி முற்றிய வேளையில் எல்லாம் வேண்டும் போலத் தோன்றுமாதலால், முதலில் ஒன்று மட்டும் வரவழைத்து, அதனை உண்டபின் அடுத்ததைப் பற்றி எண்ணுகிறேன். பெரும்பாலும் அடுத்தது தேவைப்படுவதில்லை. மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லவும் கூசுவதில்லை. வெளியேறும்போது கல்லாவின் அருகே அடுக்கிய இனிப்பும் காரமும் நம் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருப்பது தற்செயலன்று என்பதையும் அறிந்து வைத்திருக்கிறேன். ஆயினும் அங்கே இன்றும் சில வேளை தோற்றுப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்குப்பின் தந்தையாருடன் மீண்டும் அதே விடுதிக்குச் சென்றேன். அவர் முன்போலவே இரண்டு இட்டிலி கேட்டார். பரிமாறுபவரும் முன்போலவே, "சாம்பார் இட்டிலி தரட்டுமா, ஐயா?" என்றார். நான் வாய் திறக்குமுன், "என்ன விலை, தம்பி?" என்று கேட்டார் தந்தையார். இளைஞர் விலையைச் சொன்னார். "வேண்டாம், வெறும் இட்டிலியே கொண்டு வா. சட்டினி மட்டும் கொஞ்சம் கூடுதலாக வை" என்றார். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த மேசையை நோக்கிச் சென்றார்.