நாடி பிடிக்கும் இடத்தில் ஓர் ஊசி

"காலையிலதானே ரத்தம் எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் காலையில் எடுத்தது சிரை ரத்தம். இப்போது கேட்பது தமனி ரத்தம்.

எங்களைப் போன்ற சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபம் பார்க்கிறோமே, அதே மணிக்கட்டு, அதே ரத்தக்குழாய்தான். துடிப்பின் நடை விரலுக்குத் தெரியும். ரத்தத்தில் எவ்வளவு கரியமிலவாயு தேங்கியிருக்கிறது என்று எந்த விரலாலும் சொல்ல முடியாது.

விரலில் மாட்டுகிற கிளிப் போதாதா என்கிறீர்களா? அது காட்டுவது ஆக்சிஜனை மட்டும்தான். பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டுப்போனவருக்கு வீட்டில் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடுகிறார்கள். கிளிப் 98 என்று அழகாகக் காட்டும். உள்ளே கரியமிலவாயு ஏறிக்கொண்டே போகலாம். "அப்பா இப்பத்தான் அசந்து தூங்கறார்" என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். அது தூக்கம்தானா? எழுப்பிப் பாருங்கள். சரியாக எழவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். இப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கிளிப்பில் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும்.

கரியமிலவாயுவின் அழுத்தம் 35 முதல் 45 வரையிலும், ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரையிலும் இருப்பது இயல்பு. வாயு கூடி, பி.எச். இறங்கியிருந்தால் நோயாளிக்கு மூச்சு போதவில்லை என்று அர்த்தம். மூச்சுக் கருவி வைக்கலாமா என்ற முடிவே இந்த எண்களைப் பார்த்து எடுக்கப்படலாம்.

மணிக்கட்டுக்கு இரண்டு தமனிகள். இரண்டையும் அழுத்தி, உள்ளங்கை வெளுத்த பிறகு, சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விடுவார்கள். சில நொடிகளில் கை சிவந்தால், ஊசி போடுகிற தமனிக்குத் துணை இருக்கிறது என்று தெரியும். ரத்தம் பெரும்பாலும் தானாகவே சிரிஞ்சில் ஏறும். காற்றுக்குமிழியை வெளியேற்றிவிட்டு, உறையாமல் இருக்க ஹெப்பாரினோடு கலக்கும்படி மெல்ல உருட்டி, உடனே கருவிக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் சிரிஞ்சுக்குள்ளேயே ரத்த அணுக்கள் ஆக்சிஜனைச் செலவழித்துவிடும். கணக்கு தப்பிவிடும்.

சாதாரண ஊசியைவிட இது வலிக்கும், மறைப்பானேன்? மரத்துப்போக மருந்து உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "சாப்பிட முடியலையே" என்று ஆக்சிஜன் மாஸ்க்கை நீங்களாகக் கழற்றாதீர்கள், முடிவே மாறிவிடும்.

ஊசியை எடுத்ததும் பஞ்சு வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். வார்ஃபரின்காரர்களுக்கு இன்னும் அதிக நேரம். நடுவில் 'நின்னுடுச்சா' என்று திறந்து பார்க்கக் கூடாது. பிறகு அந்த இடம் வீங்கினாலோ, விரல்கள் மரத்து நிறம் மாறினாலோ, ராத்திரி எந்நேரமானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.